ஒரு வீட்டில் இரண்டு ரவுட்டர்: கேமரா ஏன் கைப்பேசியில் வர மறுக்கிறது?

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தாமான் வீடு. வீட்டில் அம்மா மட்டும். மகன் ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலையில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். இப்படி ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். நம் மக்களிடையே தேடிப் பிடிக்க வேண்டிய குடும்பம் அல்ல இது. தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது மகன் வாசலில் ஒன்று, பின்கட்டில் ஒன்று எனக் கேமரா மாட்டினார். படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டியைப் பின் அறை அலமாரி மேல் வைத்தார். கைப்பேசியில் செயலியைத் திறந்து பார்த்தார். வாசல் கேட், செம்பருத்திச் செடி, பக்கத்து வீட்டுப் பூனை எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. நிம்மதியாகக் காரை எடுத்தார். தாப்பா ஆர் அண்ட் ஆரில் நிறுத்தி மறுபடியும் திறந்தபோது திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு ‘இணைக்க முடியவில்லை’ என்று வந்தது.

“அம்மா, அலமாரி மேல இருக்கிற பெட்டியில லைட் எரியுதா?”

“எரியுதுய்யா. எல்லாம் எரியுது. நீ சாப்பிட்டியா?”

கேமராவில் பழுதில்லை. இணையமும் ஓடுகிறது, அதே நேரத்தில் அம்மா கைப்பேசியில் நாடகம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வீட்டுக்குள் தெரிந்த படம் வெளியே வராததற்குக் காரணம், அந்த வீட்டில் இரண்டு ரவுட்டர்கள் இருப்பது. மகன் இரண்டாவது ரவுட்டரில் ‘போர்ட் ஃபார்வர்டிங்’ என்ற அமைப்பைச் செய்துதான் வைத்திருந்தார். காணொளி பார்த்து, அதில் சொன்னபடி எண்களை இட்டார். அதில் ஒரு தவறும் இல்லை. முதல் ரவுட்டருக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது பெட்டி எப்படி வந்தது

இணையச் சேவை நிறுவனம் கொடுக்கும் ரவுட்டர் பெரும்பாலும் முன் ஹாலில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிடும். ஃபைபர் கம்பி அங்கேதான் வந்து நிற்கிறது. தாமான் வீடுகளோ முன்னால் குறுகி, பின்னால் நீண்டவை. நடுவில் செங்கல் சுவர்கள். பின்னால் இழுத்துக் கட்டிய சமையலறைக்கு வைஃபை போய்ச் சேருவதில்லை. எனவே, மலிவு விற்பனையின்போது இணையக் கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கப்படுகிறது. முதல் பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்து இரண்டாவது பெட்டியில் செருகினால் பின் அறையிலும் நான்கு கோடு சமிக்ஞை. வீட்டில் அனைவருக்கும் மகிழ்ச்சி.

வீட்டுக்குள் இப்போது இரண்டு தனித்தனி வலைகள் இருப்பது யாருக்கும் தெரிவதில்லை. தெரிய வேண்டிய அவசியமும் வருவதில்லை, கேமரா மாட்டும் நாள் வரையில்.

ஃபைபர் கம்பி நேராக வந்து சேரும் சிறு பெட்டி ஒன்று சில வீடுகளில் சுவரில் தனியாக இருக்கும். அதையும் ஒரு ரவுட்டராக எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை. ஒளியாக வருவதை மின் சமிக்ஞையாக மாற்றிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. புதிய இணைப்புகள் சிலவற்றில் இந்த இரண்டும் ஒரே பெட்டியாக வருகின்றன.

தோட்டத்து ஆபீசும் டிவிஷன் ஆபீசும்

ரவுட்டர் என்ன செய்கிறது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்குவது எளிது. அந்தக் காலத்தில் லயத்து வீடு ஒவ்வொன்றுக்கும் தனித் தபால் முகவரி ஏது? கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். ஆபீசில் கிராணி பிரித்து, யாருக்கு என்று பார்த்து அனுப்பிவைப்பார். வெளி உலகுக்குத் தெரிந்தது தோட்டத்து ஆபீஸ் மட்டுமே. உள்ளே எத்தனை லயம், எந்த லயத்தில் யார் என்பது கிராணியின் பேரேட்டில்தான் இருக்கும்.

ரவுட்டர்தான் அந்தக் கிராணி. வீட்டுக்கு இணையத்தில் ஒரே ஒரு வெளி முகவரி. இதைத்தான் ஐபி முகவரி என்கிறார்கள். உள்ளே இருக்கும் கைப்பேசி, தொலைக்காட்சி, டிவிஆர் எல்லாவற்றுக்கும் ரவுட்டர் தானே உள் எண்களை வழங்குகிறது. 192.168 என்று தொடங்கும் எண்கள் பெரும்பாலானோர் கண்ணில் பட்டிருக்கும். 10 என்று தொடங்குபவையும், 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவையும் அதே வகை. இந்த எண்கள் ஒவ்வொரு வீட்டிலும் திரும்பத் திரும்பப் பயன்படுகின்றன. லயத்து வீட்டு எண்கள் எல்லாத் தோட்டத்திலும் ஒன்றிலிருந்து தொடங்குவது மாதிரி. வெளியிலிருந்து 192.168.0.20 என்று கூப்பிட்டால் எந்த வீட்டுக்கும் போகாது.

இப்படிச் செய்ததற்கு ஒரு கட்டாயம் இருந்தது. பழைய முறையிலான ஐபி முகவரிகள் மொத்தமே ஏறத்தாழ 429 கோடி. உலகத்தில் இருக்கும் கருவிகளுக்கு அது போதாது. வட்டார அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வைத்திருந்த கையிருப்பு 2011 பிப்ரவரியில் தீர்ந்தது. ஆசிய பசிபிக் வட்டாரத்துக்கு அதே ஆண்டு ஏப்ரலிலேயே தட்டுப்பாடு வந்து, பங்கீட்டு முறைக்குப் போனார்கள். ஒரே வெளி முகவரியை ஒரு வீடே பகிர்ந்துகொள்ளும் இந்த ஏற்பாட்டுக்கு ‘நாட்’ என்று பெயர்.

உள்ளேயிருந்து ஒருவர் கடிதம் எழுதினால், அதைக் கிராணி குறித்துக்கொள்வார். பதில் வந்ததும் சரியான ஆளிடம் சேர்ப்பார். அம்மா நாடகம் பார்ப்பது இந்த வகை. கேட்டது உள்ளேயிருந்து, வருவது பதில். இரண்டு கிராணிகள் இருந்தாலும் ஒருவர் பின் ஒருவராகக் குறித்துக்கொள்வதால் சிக்கல் எழுவதில்லை. மகன் தாப்பாவிலிருந்து கேமராவைக் கூப்பிடுவது வேறு வகை. உள்ளே யாரும் கேட்காமல், வெளியிலிருந்து புதிதாக வரும் கடிதம் அது. யாருக்கு என்று பேரேட்டில் இல்லை. கிராணி அதைக் குப்பையில் போடுகிறார். பாதுகாப்பு நோக்கில் பார்த்தால் அவர் செய்வது சரி.

இங்கேதான் போர்ட் ஃபார்வர்டிங் வருகிறது. ஒவ்வொரு முகவரியிலும் 65,535 வரை எண்ணிட்ட வாசல்கள் உண்டு, அவையே போர்ட்கள். டிவிஆர் பெட்டி ஏதாவது ஓர் எண்ணில் காத்துக்கொண்டிருக்கும். 8000 என்பது பல பெட்டிகளில் வரும் எண். ‘8000 என்று போட்டு வரும் கடிதம் எல்லாவற்றையும் இன்ன வீட்டுக்குக் கொடு’ என்று கிராணியிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் ஃபார்வர்டிங்.

பெரிய தோட்டங்களில் தலைமை ஆபீசுக்குக் கீழே டிவிஷன் ஆபீசுகள் இருக்கும். சுங்கை சிப்புட் வீட்டின் கதை இதுதான்: டிவிஆர் இருப்பது டிவிஷனில். மகன் சொல்லி வைத்தது டிவிஷன் கிராணியிடம். கடிதம் வந்து இறங்குவதோ தலைமை ஆபீசில். அங்குள்ள கிராணிக்கு எதுவும் தெரியாது. டிவிஷன் கிராணி எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், தன் கைக்கு வராத கடிதத்தை எப்படிக் கொடுப்பார்?

முதலில் பார்க்க வேண்டியது

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு தாளில் வீட்டின் வலையை வரைந்துகொள்வது நல்லது. ஒவ்வொரு ரவுட்டரின் பின்புறத்திலும் தனி நிறத்தில், டபிள்யூ.ஏ.என். என்று எழுதிய துளை ஒன்று இருக்கும். அது வெளிப்பக்கம். மற்றத் துளைகள் உள்பக்கம். ஆக ஒவ்வொரு ரவுட்டருக்கும் இரண்டு முகவரிகள்.

பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முகவரியை உலாவியில் இட்டால் ரவுட்டரின் அமைப்புப் பக்கம் திறக்கும். அதில் நிலவரம் காட்டும் பகுதியில் வெளிப்பக்க முகவரி தெரியும். இரண்டாவது ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி 192.168 என்று தொடங்கினால் சந்தேகமே வேண்டாம். அது இன்னொரு ரவுட்டருக்குப் பின்னால் ஒரு தனி வலையாக நிற்கிறது.

அடுத்து முதல் ரவுட்டர். இதை நிறைய பேர் பார்ப்பதில்லை; பார்க்காமல் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைக்கிறார்கள். முதல் ரவுட்டரின் வெளிப்பக்க முகவரியைக் குறித்துக்கொண்டு, அதே வீட்டு வைஃபையில் ‘என் ஐபி முகவரி என்ன’ என்று காட்டும் தளம் ஒன்றைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மேலே போகலாம். வேறு வேறாக இருந்தால், குறிப்பாக ரவுட்டரில் தெரியும் எண் 100.64 முதல் 100.127 வரையிலோ 10 என்றோ தொடங்கினால், வீட்டுக்கு வெளியே சேவை நிறுவனத்திடமே இன்னொரு கிராணி உட்கார்ந்திருக்கிறார் என்று பொருள். பல வீடுகள் ஒரே வெளி முகவரியைப் பகிர்கின்றன. இதற்கு சிஜி-நாட் என்று பெயர், 100.64 தொடங்கும் அந்த எண்வரிசை 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தக் கிராணியிடம் வாடிக்கையாளர் எதுவும் சொல்லி வைக்க முடியாது. வீட்டிலுள்ள இரண்டு ரவுட்டரிலும் எத்தனை முறை எண்களை மாற்றினாலும் பலன் இராது.

ஃபைபர் இன்னும் எட்டாத தோட்டப்புறங்களில் சிம் அட்டை போட்ட ரவுட்டர்தான் பல வீடுகளில் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலும் நிலைமை இதுவே. சேவை நிறுவனத்தை அழைத்து ‘பப்ளிக் ஐபி’ கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். சில திட்டங்களில் கூடுதல் கட்டணத்துக்குக் கொடுப்பார்கள், சிலவற்றில் கொடுக்க மாட்டார்கள். கொடுக்காவிட்டாலும் வழி இருக்கிறது. அது கட்டுரையின் பின்பகுதியில் வருகிறது.

சுலபமான வழி: ஒரு கிராணியைக் குறைப்பது

முதல் ரவுட்டரில் பப்ளிக் முகவரி உண்டு என்று தெரிந்தால், பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்ற தீர்வு இரண்டாவது ரவுட்டரை ரவுட்டராக வேலை செய்ய விடாமல் இருப்பதுதான். பின் அறைக்கு வேண்டியது வைஃபை. அதற்கு டிவிஷன் ஆபீஸ் தேவையில்லை, தபால் பெட்டி போதும்.

இன்று விற்கப்படும் ரவுட்டர்கள் பலவற்றில் ‘ஆக்சஸ் பாயிண்ட்’ என்ற நிலை இருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் அதைத் தேர்ந்தெடுத்துச் சேமித்தால் பெட்டி ஒரு முறை அணைந்து எரியும். அதன் பிறகு வீடு முழுவதும் ஒரே வலை. முகவரி வழங்குவது முதல் ரவுட்டர் மட்டும்.

பழைய பெட்டியில் அந்தத் தேர்வு இல்லாவிட்டால் கையால் செய்யலாம். முதலில் இரண்டாவது பெட்டியின் உள்பக்க முகவரியை, முதல் ரவுட்டரின் வரிசையில் யாரும் பயன்படுத்தாத ஓர் எண்ணுக்கு மாற்ற வேண்டும். முதல் ரவுட்டர் 192.168.1.1 என்றால், இதற்கு 192.168.1.2 வைக்கலாம். அடுத்து, முகவரி வழங்கும் டிஎச்சிபி என்ற வேலையை அதில் நிறுத்த வேண்டும். கடைசியாக, முதல் ரவுட்டரிலிருந்து வரும் கேபிளை டபிள்யூ.ஏ.என். துளையிலிருந்து பிடுங்கி, உள்பக்கத் துளை ஒன்றில் செருக வேண்டும். வரிசை மாறக் கூடாது. கேபிளை முதலில் மாற்றிவிட்டால் இரண்டு கிராணிகளும் ஒரே வலையில் எண் கொடுக்கத் தொடங்குவார்கள். வீட்டில் பாதிக் கருவிகள் இணையம் இல்லாமல் நிற்கும்.

இதில் ஓர் இடறல் உண்டு. டிவிஆர் பெட்டிக்கு முன்பு 192.168.0.20 என்று நிலையான எண் வைத்திருந்தால், வலை மாறியதும் அந்த எண் செல்லாது. டிவிஆரின் அமைப்பில் போய் 192.168.1.20 என்று மாற்றியாக வேண்டும். ‘எல்லாம் செய்தேன், இப்போது வீட்டுக்குள்ளும் கேமரா தெரியவில்லை’ என்ற புலம்பல் இந்த இடத்தில்தான் பிறக்கிறது. மாற்றிய பிறகு, முதல் ரவுட்டரில் ஒரே ஒரு விதி போதும்: 8000க்கு வருவதை 192.168.1.20க்குக் கொடு.

இதற்கு நேர் எதிரான வழியும் இருக்கிறது. நிறுவனம் கொடுத்த பெட்டியைப் ‘பிரிட்ஜ்’ நிலைக்கு மாற்றி, சொந்த ரவுட்டரையே நேரடியாக இணையத்தில் பேச வைப்பது. இதற்குச் சேவைக் கணக்கின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். யூனிஃபை ஃபைபரில் இணையத்துக்கு விஎல்ஏஎன் 500, தொலைக்காட்சிப் பெட்டிக்கு 600 என்று எண்கள் வேறு இட வேண்டும். தவறினால் தொலைக்காட்சியும் வீட்டுத் தொலைபேசியும் சேர்ந்து நின்றுபோகும். அம்மா தனியாக இருக்கும் வீட்டில், ஊருக்குக் கிளம்பும் நாளில் இதைத் தொடாமல் இருப்பது உத்தமம்.

இரண்டும் இருந்தே ஆக வேண்டும் என்றால்

மாடியில் அறை வாடகைக்கு விட்டவர்கள், வீட்டிலேயே சிறு அலுவலகம் நடத்துபவர்கள் இரண்டு வலைகளைப் பிரித்தே வைக்க விரும்பலாம். அதில் நியாயம் இருக்கிறது. அப்போது இரண்டு கிராணிகளிடமும் சொல்ல வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்ளலாம். முதல் ரவுட்டரின் உள்பக்கம் 192.168.1.1. அது இரண்டாவது ரவுட்டருக்குக் கொடுத்த எண் 192.168.1.50. இரண்டாவதன் உள்பக்கம் 192.168.0.1. டிவிஆர் 192.168.0.20. விதிகள் இப்படி அமையும். முதல் ரவுட்டரில்: 8000க்கு வருவது 192.168.1.50க்கு. இரண்டாவது ரவுட்டரில்: 8000க்கு வருவது 192.168.0.20க்கு. முதல் ரவுட்டரில் நேரடியாக டிவிஆரின் எண்ணை இடுவதுதான் பலர் செய்யும் தவறு. தலைமை ஆபீசுக்கு டிவிஷன் ஆபீஸ் எங்கே என்று தெரியும். டிவிஷனுக்குள் இருக்கும் லயம் தெரியாது.

இரண்டு ரவுட்டர்களின் உள்பக்கமும் ஒரே வரிசையில், உதாரணமாக இரண்டுமே 192.168.1 என்று, இருந்துவிட்டால் குழப்பம் நிச்சயம். சில புதிய பெட்டிகள் தாமாகவே மாறிக்கொள்ளும். மாறாதவற்றில் இரண்டாவதன் உள்பக்கத்தை 192.168.50.1 போன்ற வேறு வரிசைக்கு மாற்றிவிட வேண்டும்.

இன்னொன்று, எண்கள் நிலையாக இருக்க வேண்டும். ரவுட்டர் எண்களை இரவல்தான் கொடுக்கிறது. மின்சாரம் போய் வந்தால், இடியுடன் மழை பெய்து பெட்டி ஒரு முறை அணைந்து எரிந்தால், நேற்று 50 ஆக இருந்தது இன்று 53 ஆகலாம். விதியோ 50ஐயே பார்த்துக்கொண்டிருக்கும். டிஎச்சிபி பகுதியில் ‘ரிசர்வேஷன்’ என்ற தேர்வில், இரண்டாவது ரவுட்டருக்கு முதல் ரவுட்டரிலும், டிவிஆருக்கு இரண்டாவது ரவுட்டரிலும் எண்ணை நிலைப்படுத்தி வைக்கலாம். ஒரு வாரம் நன்றாக ஓடிய கேமரா திடீரென்று நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

முதல் ரவுட்டரின் அமைப்பில் டிஎம்இசட் என்று ஒன்று கண்ணில் படும். வெளியிலிருந்து வரும் கடிதம் அத்தனையையும் ஒரே முகவரிக்குத் தள்ளிவிடும் ஏற்பாடு அது. அதை இரண்டாவது ரவுட்டரை நோக்கித் திருப்பினால், விதிகளை இரண்டாவதில் மட்டும் எழுதினால் போதும். இரண்டாவது கிராணி கதவைக் காப்பதால் இதில் பெரிய ஆபத்தில்லை. ஆனால் கேமரா பொருத்த வருபவர்களில் சிலர் அவசரத்தில் டிஎம்இசட்டை நேராக டிவிஆருக்கே திருப்பிவிட்டுப் போகிறார்கள். படம் உடனே வந்துவிடும்; வீட்டுக்காரருக்கும் திருப்தி. டிவிஆரின் எல்லா வாசல்களும் உலகத்துக்குத் திறந்து கிடப்பது அவருக்குத் தெரியாது.

சரிபார்க்கும்போது கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் பார்க்க வேண்டும். வீட்டு வைஃபையிலிருந்து வீட்டின் வெளி முகவரியையே கூப்பிட்டால் சில ரவுட்டர்கள் பதில் தராது. உண்மையில் சரியாக இருந்தும் இல்லை என்று காட்டும். வீட்டின் வெளி முகவரியும் அவ்வப்போது மாறக்கூடியது. டிடிஎன்எஸ் என்ற சேவையில் ஒரு பெயரைப் பதிந்து ரவுட்டரில் இட்டால், எண் மாறினாலும் பெயர் மாறாது. இரண்டு ரவுட்டர் வீட்டில் இதை முதல் ரவுட்டரில் இடுவதே சரி. இரண்டாவது ரவுட்டர் சில நேரம் தன் 192.168 எண்ணையே வெளி முகவரி என்று எண்ணிப் பதிந்துவிடும்.

பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டிலும் இதே நோய் வேறு பெயரில் வரும். ‘நாட் ஸ்ட்ரிக்ட்’ என்று காட்டி, நண்பர்களுடன் சேர முடியாமல் போகும். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கியதும் பெரும்பாலும் அதுவும் தீர்ந்துவிடும்.

திறந்த வாசலில் யார் நிற்கிறார்கள்

இவ்வளவும் செய்து முடித்ததும் மகனுக்குக் கேமரா தெரியும். ஆனால் அதே வாசலை இப்போது உலகத்தில் யார் வேண்டுமானாலும் தட்டலாம். யாருக்கு நம் வீட்டு முகவரி தெரியப்போகிறது என்று நினைப்பது வழக்கம். தெரிந்துகொள்ள வேண்டியதே இல்லை. இருக்கும் எண்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடுகின்றன. இணையத்தில் திறந்து கிடக்கும் கருவிகளைத் தேடித் தருவதற்கென்றே ஷோடான் என்ற தேடுபொறி 2009 முதல் இருக்கிறது.

2014இல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத பல்லாயிரம் கேமராக்களின் நேரடிப் படங்களை ஓர் இணையத்தளம் வரிசையாகக் காட்டியது. கடைகள், வரவேற்பறைகள், குழந்தை தூங்கும் தொட்டில்கள் எல்லாம் அதில் இருந்தன. யாரும் எதையும் உடைத்துப் புகவில்லை. திறந்த கதவு வழியாகப் பார்த்தார்கள்.

2016இல் வந்த மிராய் என்ற தீநிரல் இன்னொரு படி மேலே போனது. கேமராக்கள், டிவிஆர் பெட்டிகள், வீட்டு ரவுட்டர்கள் ஆகியவற்றைத் தேடி, சுமார் 60 தொழிற்சாலைக் கடவுச்சொற்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்ததையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் தேதி டைன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் மீது அந்தப் படை ஏவப்பட்டபோது டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கும் மணிக்கணக்கில் கிடைக்காமல் போயின. மிராயை உருவாக்கிய அமெரிக்க இளைஞர்கள் மூவர் 2017 டிசம்பரில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். தங்கள் வீட்டுப் பெட்டி அந்தப் படையில் சேர்ந்திருந்தது என்று அதன் சொந்தக்காரர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? படம் வழக்கம்போல் வந்துகொண்டுதானே இருந்தது.

அம்மா தனியாக இருக்கும் வீடு இது. அவர் எத்தனை மணிக்குக் கோயிலுக்குப் போகிறார், எப்போது திரும்புகிறார், எந்த நாளில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்கிறது. பாதுகாப்புக்காக மாட்டிய கேமரா திருடனுக்குக் கால அட்டவணையாகிவிடக் கூடாது.

எனவே வாசலைத் திறப்பதற்கு முன்பே டிவிஆரின் கடவுச்சொல் மாற்றப்பட்டிருக்க வேண்டும். 12345 வேண்டாம், அம்மாவின் பிறந்த நாளும் வேண்டாம். இரண்டு ரவுட்டர்களின் அமைப்புப் பக்கக் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். பெட்டிக்கு உற்பத்தியாளர் வெளியிட்ட புதிய மென்பொருள் இருந்தால் ஏற்ற வேண்டும். பல ஆண்டுகளாகப் புதுப்பிப்பே வராத பழைய டிவிஆரை இணையத்துக்குத் திறக்காமல் இருப்பதே மேல். தேவையான ஒரே ஒரு போர்ட்டைத் தவிர வேறு எதையும் திறக்கக் கூடாது. யுபிஎன்பி என்ற அமைப்பையும் அணைத்து வைக்கலாம். அது கருவிகள் தாமாகவே கதவைத் திறந்துகொள்ள அனுமதிப்பது. இரண்டு ரவுட்டர் இருக்கும் வீட்டில் அது பாதி வழியில் நின்றுவிடுவதால் பயனும் குறைவு. வெளியில் 8000க்குப் பதிலாக 48123 என்று வேறு எண் வைப்பது கொஞ்சம் மறைவு தரும், அவ்வளவே. பூட்டுக்கு அது ஈடாகாது.

கதவைத் திறக்காமலே பார்க்கும் வழிகள்

சில ஆண்டுகளுக்குள் வாங்கிய கேமராக்கள் பலவற்றில் பெட்டியிலுள்ள கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியில் ஸ்கேன் செய்தாலே போதும். கேமரா உள்ளேயிருந்து உற்பத்தியாளரின் சர்வருக்குத் தானே தொடர்புகொள்கிறது. அம்மாவின் நாடகம் மாதிரிதான். கேட்பது உள்ளேயிருந்து என்பதால் எத்தனை ரவுட்டர் இருந்தாலும் தடையில்லை, சிஜி-நாட்டும் தடையில்லை. அந்த நிறுவனத்தை நம்ப வேண்டியிருக்கிறது என்பதும், அது சேவையை நிறுத்திவிட்டால் கேமராவும் குருடாகிவிடும் என்பதும் இதிலுள்ள குறைகள். இருந்தாலும் கணினி அமைப்புகளில் பழக்கமில்லாத குடும்பத்துக்கு, வலுவான கடவுச்சொல்லோடு, இதுவே போதும்.

கொஞ்சம் மெனக்கெடத் தயாராக இருப்பவர்களுக்கு விபிஎன் சிறந்தது. டிவிஆருக்கு வாசல் திறப்பதற்குப் பதிலாக, சாவி வைத்திருப்பவர் மட்டும் நுழையும் ஒரு சுரங்கப் பாதையை வைத்துக்கொள்வது. புதிய வீட்டு ரவுட்டர்கள் பலவற்றில் வயர்கார்ட் அல்லது ஓபன்விபிஎன் உள்ளேயே வருகிறது. வயர்கார்ட் வழக்கமாக யுடிபி 51820 என்ற போர்ட்டில் இயங்கும். சரியான சாவி இல்லாமல் தட்டுபவருக்கு அது பதிலே சொல்லாது. தட்டிப் பார்க்கும் நிரலுக்கு அங்கே வாசல் இருப்பதே தெரியாது.

இரண்டு ரவுட்டர் வீட்டில் இதற்கு ஒரு வசதியும் இருக்கிறது. விபிஎன் வசதி சொந்தமாக வாங்கிய இரண்டாவது ரவுட்டரில் இருந்தால், அதை ரவுட்டராகவே விட்டுவிட்டு, முதல் ரவுட்டரில் 51820க்கு வருவதை 192.168.1.50க்கு அனுப்பும் ஒரு விதி மட்டும் எழுதினால் போதும். ஆக்சஸ் பாயிண்ட் நிலைக்கு மாற்றினால் பல பெட்டிகளில் விபிஎன் வசதி மறைந்துவிடும் என்பதால், எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

சிஜி-நாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு, சிம் அட்டை ரவுட்டர் வைத்திருக்கும் தோட்டத்து வீடுகளுக்கும் சேர்த்து, டெயில்ஸ்கேல் போன்ற சேவை கைகொடுக்கும். பழைய மடிக்கணினியோ ராஸ்பெரி பை என்ற கையளவுக் கணினியோ வீட்டில் எப்போதும் எரிந்துகொண்டிருக்க வேண்டும். அது உள்ளேயிருந்து வெளியே தொடர்புகொண்டு, மகனின் கைப்பேசியோடு தனிப் பாதை அமைத்துக்கொள்ளும். ரவுட்டர் எதிலும் எதையும் திறக்க வேண்டியதில்லை. தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசத் திட்டமும் உண்டு.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், இட்ட எண்களை ஒரு தாளில் எழுதி முதல் ரவுட்டரின் அடியில் ஒட்டி வைப்பது பின்னால் உதவும். கடவுச்சொல்லை மட்டும் அதில் எழுத வேண்டாம். பெட்டி பழுதாகிப் புதிது மாற்றப்படும்போது விதிகள் அத்தனையும் அழிந்துவிடும். அப்போது ஜொகூரிலிருந்து தொலைபேசியில், “அம்மா, அந்தத் தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்க” என்று கேட்டால் போதும். கேமராவில் சந்தேகத்துக்குரிய நடமாட்டம் தெரிந்தால், அதாவது கேமரா தானாகத் திரும்பினாலோ, அறியாத பெயரில் யாரோ உள்ளே நுழைந்ததாகப் பதிவு இருந்தாலோ, முதலில் டிவிஆரின் இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பிறகு காரணத்தைத் தேடலாம். சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் சைபர்999 மையத்தில் புகார் செய்யவும் முடியும்.

மகன் ஒரு நாள் ஊருக்கே திரும்பி வந்துவிடலாம். அல்லது அம்மா மகனோடு போய்த் தங்கலாம். டிவிஆர் கழற்றப்பட்டு அலமாரிக்குள் போகலாம். அன்றைக்கு இரண்டு ரவுட்டரிலும் எழுதிய விதிகளை அழிக்க மறந்துவிடக் கூடாது. இல்லாவிட்டால் 192.168.0.20 என்ற எண் பிறகு எந்தக் கருவிக்குப் போகிறதோ, அதன் 8000ஆம் எண் வாசல் யாருக்கும் தெரியாமல் வெளியே திறந்து கிடக்கும்.